ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிச்சிகன் மாகாணத்தில், டியர்பார்ன் என்றொரு நகரம் இருக்கிறது. மோட்டார் வண்டிக்குப் பெயர்போன ஹென்றி போர்டு பிறந்து வளர்ந்த பிரதேசம் அது. அவருடைய மாபெரும் ரூஜ் தொழிற்சாலை எழுந்த இடமும் அதுவே. அந்நகரின் கடைவீதியில் ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் மேலே தொங்கும் பலகைகளில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே அரபு எழுத்தும் வலமிருந்து இடமாக ஓடிக் கொண்டிருக்கும். 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே வசிக்கும் சுமார் 1,10,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க தேசங்களைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அராபியர்.

அவ்வூரில் ஒரு வீட்டை நேயர்கள் சிறிது கற்பனை செய்து பார்க்க வேண்டும். காலை நேரம். தெற்கு லெபனானிலிருந்து வந்த பாட்டியம்மாள் சமையலறையில் இருக்கிறாள். அமெரிக்காவிலேயே பிறந்த பேத்தி காலேஜுக்குப் புறப்படும் அவசரத்தில் இருக்கிறாள். "யல்லா தேத்தா, ஐ ஆம் லேட்! பஸ் வேன் இல் மிஃப்தேஹ்?" என்று அந்தப் பெண் கூவுகிறாள். இதில் வரும் 'பஸ்', 'வேன்' என்னும் சொற்களைக் கண்டு, பிரயாண வண்டிகளைப் பற்றிய பேச்சு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். 'யல்லா' என்றால் சீக்கிரம். 'தேத்தா' என்றால் பாட்டி. 'பஸ்' என்றால் ஆனால். 'வேன்' என்றால் எங்கே. 'மிஃப்தேஹ்' என்றால் சாவி. "சீக்கிரம் பாட்டி, எனக்கு நேரமாகிவிட்டது, ஆனால் சாவி எங்கே?" என்பதுதான் சங்கதி. ஒரே மூச்சில் இரண்டு பாஷைகள் வந்து போய்விட்டன. பாட்டிக்கும் புரிந்துவிட்டது, சாவியும் கிடைத்துவிட்டது.

அப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் முகத்தைச் சுளிக்கிறார். "பேசினால் அரபியில் பேசு, இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் பேசு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே!" என்கிறார். சொல்லி வாய் மூடுமுன் டெலிபோன் மணி அடிக்கிறது. எடுத்துப் பேசுகிறார். "அப்பாயின்ட்மென்ட் மண்டே, இன்ஷா அல்லாஹ்!" என்று அவர் வாயிலிருந்தே கலப்பு வாக்கியம் புறப்படுகிறது. பேத்தி சிரித்துக்கொண்டே வெளியே ஓடுகிறாள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதிலுள்ள முரண் கற்பனையன்று. இரண்டு பாஷை பேசுகிற அராபியர்களிடம் கலந்து பேசுவதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் பலரும் அதைக் குறையாகவே சொல்வார்கள். கேட்டவர் அந்தண்டை நகர்ந்ததும் கலந்தே பேசுவார்கள். மொராக்கோ தேசத்தில் அரபியும் பிரெஞ்சும் கலந்து பேசுவோரை ஆராய்ந்து அப்தலாலி பென்தஹிலா என்னும் அறிஞர் 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். கலந்து பேசும் பழக்கம் உள்ளவர்களே அப்பழக்கத்தைப் பெரும்பாலும் கண்டித்தார்கள் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. வாய் செய்வதை மனம் ஒப்பாமலும், மனம் சொல்வதை வாய் கேளாமலும் இருக்கும் இந்த விசித்திரத்துக்குக் காரணம் என்ன? அதைத்தான் இங்கே சிறிது விசாரிக்கலாம் என்று நினைக்கிறோம்.

மூட்டை சுமந்தவர்கள்

அராபியர் அமெரிக்கா சென்றது நேற்று இன்று நடந்ததன்று. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து லெபனான் மலைப் பிரதேசத்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஜனங்கள் கப்பலேறத் தொடங்கினார்கள். 1924-க்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் வாஷிங்டன் வீதியை ஒட்டி அவர்கள் குடியிருந்த பகுதிக்குச் 'சின்ன சிரியா' என்றே பெயர் வழங்கிற்று.

அவர்களில் பலர் மேற்கொண்ட தொழில் மூட்டை வியாபாரம். ஊசி, நூல், பொத்தான், லேஸ், ஜபமாலை முதலியவற்றை ஒரு பெட்டியில் அடைத்து முதுகில் சுமந்து கிராமம் கிராமமாக நடந்து விற்றார்கள். அந்தப் பெட்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கஷ்ஷா' என்பது. அது அரபுச் சொல்லன்று, ஆங்கிலச் சொல்லுமன்று; போர்த்துகீசியச் சொல் ஒன்றின் திரிபு. பிழைக்கப் போன இடத்தில் முதலில் சம்பாதித்த பொருளே ஒரு கலப்புச் சொல் என்றுகூடச் சொல்லலாம்! கதவைத் தட்டிப் பொருள் விற்க வேண்டுமானால் வீட்டுக்கார அம்மாளின் பாஷையில் நாலு வார்த்தை பேசித்தானே ஆக வேண்டும்? ஆகவே ஆங்கிலம் அவர்களுக்கு வயிற்றுப் பாஷையாக வந்தது. அரபி நெஞ்சின் பாஷையாக நின்றது.

நெஞ்சின் பாஷையை அவர்கள் லேசில் விட்டுவிடவில்லை. 1892-இல் நியூயார்க்கில் 'கௌகப் அமெரிக்கா' என்ற முதல் அரபுப் பத்திரிகை தோன்றியது. 1898-இல் நவும் முகர்ஸல் என்பவர் பிலடெல்பியாவில் 'அல்-ஹுதா' என்னும் பத்திரிகையைத் தொடங்கிப் பின்னர் நியூயார்க்குக்குக் கொண்டு சென்றார். அவருடைய சகோதரர் ஸல்லூம் முகர்ஸல் அரபு எழுத்துக்களை லைனோடைப் அச்சு யந்திரத்தில் கோக்கும்படி செய்தார். அரபியில் ஓர் எழுத்து சொல்லின் முதலில் ஓர் உருவமும், நடுவில் ஓர் உருவமும், கடைசியில் ஓர் உருவமும் எடுக்கும். அதை யந்திரத்துக்குள் அடக்குவது சாமானிய வேலையன்று.

ஆனால் அதே ஸல்லூம் முகர்ஸல் 1926-இல் 'சிரியன் வோர்ல்டு' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியபோது அதை முழுதும் ஆங்கிலத்தில் நடத்தினார். அரபு எழுத்தை யந்திரத்தில் ஏற்றிய கையே ஆங்கிலப் பத்திரிகையை நடத்த நேர்ந்த காரணம் வருந்தத் தக்கது: அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு அரபி படிக்கத் தெரியவில்லை. அவர்களுக்குச் சிரியாவின் பெருமையைச் சொல்ல வேண்டுமானாலும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1932-இல் அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று.

கொப்பரையில் இறங்கி ஏறியவர்கள்

பிள்ளைகள் அரபியை விட்டதற்குப் பிள்ளைகளைமட்டும் நொந்து பயனில்லை. அன்றைய அமெரிக்காவின் நிலைமை அப்படி இருந்தது. முதல் உலக யுத்தத்தின்போது, 1918 மே மாதத்தில், அயோவா மாகாணத்து கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்திலும், பொது இடத்திலும், ரயிலிலும், டெலிபோனிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசலாகாது என்பது அதன் சாரம். நெபிராஸ்கா மாகாணம் 1919-இல், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைகளுக்கு அந்நிய பாஷை கற்பிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிற்று. இவையெல்லாம் முக்கியமாக ஜெர்மன் பாஷையைக் குறிவைத்து எழுந்தவை. ஆனாலும் அடி ஒருவன் முதுகில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் முதுகும் சிலிர்க்கும் அல்லவா?

போர்டு கம்பெனி 1914 முதல் தன் தொழிலாளருக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தியது. பல தேசத்தார் அதில் படித்தார்கள். அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் ஒரு நாடகக் காட்சி உண்டு. மேடையில் பெரிய கொப்பரை ஒன்று வைத்திருப்பார்கள். தொழிலாளர் தத்தம் தேசத்து உடையில் அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கிண்டுவார்கள். பிறகு எல்லோரும் ஒரே மாதிரி அமெரிக்க உடுப்பணிந்து, கையில் அமெரிக்கக் கொடியுடன் வெளியே வருவார்கள்!

பார்த்தவர்கள் கை தட்டியிருப்பார்கள். உடுப்பை மாற்றிக்கொள்ளக் கொப்பரை போதும். நாக்கை மாற்றிக்கொள்ள எந்தக் கொப்பரை போதும்? உள்ளே போன பாஷை கரைந்தும் கரையாமலும் புதுப் பாஷையோடு ஒட்டிக்கொண்டு வெளிவருகிறது. கலப்புப் பேச்சு என்பது ஒரு விதத்தில் அந்தக் கொப்பரைக்குக் கரைய மறுத்த மிச்சமே ஆகும்.

1924-இல் வந்த குடியேற்றச் சட்டம் சிரியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குமேல் வரலாகாது என்று கதவைச் சாத்தியது. 1965-இல் அந்த ஏற்பாடு மாற்றப்பட்ட பிறகு லெபனான், பாலஸ்தீனம், யெமன், எகிப்து, ஈராக் முதலிய தேசங்களிலிருந்து மறுபடியும் ஜனங்கள் வந்தார்கள். 1975 முதல் 1990 வரை நடந்த லெபனான் உள்நாட்டுப் போரும், பின்னர் ஈராக்கிலும் சிரியாவிலும் நேர்ந்த யுத்தங்களும் பல குடும்பங்களை அங்கே கொண்டு சேர்த்தன. இன்று அமெரிக்காவில் வீட்டில் அரபி பேசுவோர் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு

அரபு வீடுகளின் சங்கடம் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். அரபி என்று சொல்லுகிறோமே, அதுவே இரண்டு. குர்ஆனும் இலக்கியமும் பத்திரிகையும் பிரசங்கமும் 'ஃபுஸ்ஹா' என்னும் செந்நடையில் இருக்கின்றன. தாயும் சேயும், கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் பேசுவது 'ஆம்மிய்யா' என்னும் பேச்சு நடை. அந்தப் பேச்சு நடையும் தேசத்துக்குத் தேசம் வேறு. சார்லஸ் பெர்குஸன் என்னும் அமெரிக்கப் பண்டிதர் 1959-இல் உலகிலுள்ள இத்தகைய இரட்டை வழக்குகளைப் பற்றி ஒரு பிரசித்தமான கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் அரபியும் ஒன்று. செந்தமிழில் எழுதிக் கொடுந்தமிழில் பேசும் நமக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அமெரிக்காவில் பிறந்த அரபுக் குழந்தையின் கதியைப் பாருங்கள். வீட்டில் கற்றது பாட்டியின் கிராமப் பேச்சு. சனி ஞாயிறுகளில் பள்ளிவாசலையோ மாதாகோவிலையோ சார்ந்த வகுப்புக்குப் போனால் அங்கே உபாத்தியாயர் கற்பிப்பது செந்நடை. "நீ பேசுவது அரபியே அல்ல" என்று அங்கே குட்டு விழுகிறது. வெளியே வந்து மொராக்கோ தேசத்துச் சிநேகிதனுடன் பேசினால் அவன் பேச்சு இவனுக்குப் பாதி புரிகிறது. இவன் பேச்சு அவனுக்குப் பாதி புரிகிறது. இருவரும் என்ன செய்வார்கள்? ஆங்கிலத்தில் பேசி, நடுநடுவே 'வல்லாஹி', 'ஹபீபி', 'கலாஸ்' என்று சில அரபுச் சொற்களைத் தூவிக்கொள்வார்கள். 'சத்தியமாக', 'அன்பனே', 'முடிந்தது' என்பவை அவற்றின் பொருள். பேச்சை நடத்த ஆங்கிலம். நாம் ஒரே குலம் என்று காட்ட அரபி. பெருமைக்காக ஆங்கிலத்தை இழுக்கிறார்கள் என்று நாம் நினைப்பது எப்போதும் சரியாகாது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

கலப்பிலும் இலக்கணம்

'இரண்டும் சரியாக வராதவன்தான் கலந்து பேசுவான்' என்பது உலகத்தில் பொதுவாக நிலவும் எண்ணம். பாஷா சாஸ்திரிகளும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். உரியல் வைன்ரைக் என்னும் மேதை 1953-இல் எழுதிய நூலில், உத்தமமான இருமொழியாளன் ஆள் மாறும்போதும் விஷயம் மாறும்போதும் பாஷையை மாற்றுவானே தவிர, ஒரே வாக்கியத்துக்குள் மாற்ற மாட்டான் என்ற கருத்தை வெளியிட்டார். ஆனால் 1980-இல் ஷானா பாப்லாக் என்னும் அம்மையார், நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிஷ்-ஆங்கிலப் பேச்சை நுட்பமாக ஆராய்ந்து நேர்மாறான உண்மையைக் கண்டார். வாக்கியத்தின் நடுவிலேயே பாஷை மாற்றுபவர்களில் முன்நின்றவர்கள் இரண்டு பாஷையிலும் வல்லவர்கள். அப்படி மாற்றும்போது எந்தப் பாஷையின் இலக்கணமும் பெரும்பாலும் உடைவதில்லை. பாஷை அரைகுறையாகத் தெரிந்தவர்களோ வாக்கியத்துக்கு வெளியே, ஒரு தனிச் சொல்லாகவோ தொடராகவோதான் மாற்றினார்கள்.

அரபிக் கலப்பிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். அரபியில் வினைச்சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துக்களை வேராகக் கொண்டவை; உயிரெழுத்துக்களை மாற்றி மாற்றி அமைத்தால் வெவ்வேறு பொருள் பிறக்கும். இந்த அச்சிலேயே ஆங்கிலச் சொல்லையும் வார்த்துவிடுகிறார்கள். 'செக்' என்பது 'ஷய்யக்' ஆகிறது. 'சேவ்' என்பது 'ஸய்யவ்' ஆகிறது. 'கான்ஸல்' என்பது 'கன்ஸல்' என்று சுத்த அரபு வினையாகிவிடுகிறது. 'பிலிம்' என்ற சொல்லுக்குப் பன்மை 'அஃப்லாம்'; 'பாங்க்' என்பதற்குப் பன்மை 'புனூக்'. வந்த விருந்தாளிக்கு வீட்டு உடுப்பைக் கொடுத்து உட்கார வைப்பது போன்ற காரியம் இது. அரபு நாடுகளிலும் இச்சொற்கள் புழங்குகின்றன.

இளைஞர்களின் எழுத்திலோ இன்னும் ஒரு வேடிக்கை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் அரபியை எழுதும்போது, ஆங்கிலத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்கு எண்களைப் போடுகிறார்கள். 'ஐன்' என்ற எழுத்துக்கு 3. அழுத்தமான 'ஹா' எழுத்துக்கு 7. உருவ ஒற்றுமைதான் காரணம். நம் பாரத தேசத்தில் பிறந்த எண்கள் அராபியர் கைப்பட்டு மேல்நாடு சென்றன. இன்று அவ்வெண்களே அரபு எழுத்துக்களாகிப் பிழைக்கின்றன! முதியோர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கடல் தாண்டி வாழும் ஒரு பேரன் இந்த வழியிலாவது பெய்ரூத்திலுள்ள தன் அத்தை மகனுக்கு இரண்டு வரி எழுதுகிறானே என்று மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தச் சமயத்தில் எந்தப் பாஷை புகுகிறது என்பதிலும் காரணம் உண்டு. கணக்கு, காரியாலயம், டாக்டர், வக்கீல் என்றால் ஆங்கிலம். கொஞ்சல், பிரார்த்தனை, பழமொழி, துக்கம் விசாரித்தல், சமையல் என்றால் அரபி. இன்னொருவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடி எடுத்துச் சொல்லும்போது அவருடைய பாஷைக்கு மாறுகிறார்கள்.

எட்வர்டு ஸயீத் என்னும் பேரறிஞர் 1935-இல் ஜெருசலேமில் பிறந்து, கெய்ரோவில் வளர்ந்து, 1951-இல் அமெரிக்கா சென்று, 2003-இல் மறைந்தவர். அவர் 1999-இல் வெளியிட்ட சுயசரிதத்தில், அரபி ஆங்கிலம் இரண்டில் தாம் முதலில் பேசியது எது என்றே தமக்குத் தெரியவில்லை என்று சொல்கிறார். அவருடைய தாயார் பரிவு காட்டும்போது அரபியும், கண்டிப்புச் செய்யும்போது ஆங்கிலமும் வருமாம். அவர் படித்த கெய்ரோ விக்டோரியா கலாசாலையில் ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசினால் தண்டனை. பிள்ளைகள் அதனாலேயே வீம்புக்கு அரபி பேசினார்களாம். தடுக்கப்பட்ட பாஷைக்குத் தனிச் சுவை உண்டு என்பதை அடிமைத்தனம் அனுபவித்த எந்தத் தேசமும் அறியும்.

இரண்டு கரைகளிலும் விளைந்த பயிர்

கலப்பு வாழ்க்கை இலக்கியத்தைக் கெடுக்கும் என்பாருக்கும் அராபியர் கதையில் விடை இருக்கிறது. அமீன் ரைஹானி 1888-இல் சிறுவனாக நியூயார்க் வந்தவர். அவர் 1911-இல் எழுதிய 'காலித் புஸ்தகம்' அராபியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படுகிறது. அதன் ஆங்கிலத்தில் அரபுச் சொற்கள் தாராளமாகப் புகுந்து விளையாடுகின்றன. அதற்குச் சித்திரம் வரைந்தவர் கலீல் ஜிப்ரான். ஜிப்ரான் 1895-இல் தாயோடு பாஸ்டன் நகரம் வந்தார். ஆனால் 1898-இல் அவரை அரபி கற்பதற்காகவே பெய்ரூத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். கற்று வந்தவர் முதலில் அரபியில் புகழ் பெற்றார். பின்னரே 1923-இல் 'தீர்க்கதரிசி' என்ற உலகப் பிரசித்தமான நூலை ஆங்கிலத்தில் எழுதினார். 1920-இல் ஜிப்ரானும் மிகாயீல் நுஐமாவும் மற்ற நண்பர்களும் நியூயார்க்கில் அமைத்த 'எழுதுகோல் சங்கம்' அரபு இலக்கியத்துக்கே புத்துயிர் ஊட்டியது.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. இவர்கள் தெருவில் கலந்து பேசினார்களோ இல்லையோ, அரபிக்கென்று ஓர் அரங்கம் வைத்திருந்தார்கள்: பத்திரிகை இருந்தது, சங்கம் இருந்தது, படிக்கிறவர்கள் இருந்தார்கள். படிக்கிறவர்கள் குறைந்த பிறகு பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கலப்பினால் மாண்ட பாஷை என்று எளிதில் காட்ட முடியாது; உபயோகமற்றுப் போய் மாண்ட பாஷைகள் அநேகம்.

அச்சத்தின் பாஷை

அபிப்பிராயங்களை உருவாக்குவது இலக்கணம்மட்டும் அன்று, அச்சமும்கூட. 2001 செப்டம்பரில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்த கோரச் சம்பவத்துக்குப் பிறகு, பொது இடத்தில் அரபி பேசவே பலர் தயங்கினார்கள். 2006-இல் நியூயார்க் விமான நிலையத்தில், 'மௌனமாக இருக்க மாட்டோம்' என்று பொருள்படும் வாசகத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் பொறித்த சட்டை அணிந்திருந்த ஒரு பிரயாணி, அதை மூடிக்கொள்ளும்படி வற்புறுத்தப்பட்டார். 2016 ஏப்ரலில் ஈராக்கிலிருந்து அகதியாக வந்த ஒரு கல்லூரி மாணவர் விமானத்தில் உட்கார்ந்து தம் மாமாவுடன் டெலிபோனில் அரபியில் பேசினார்; 'இன்ஷா அல்லாஹ்' என்று முடித்தார். அதைக் கேட்ட சக பிரயாணி ஒருவர் புகார் சொல்ல, மாணவர் விமானத்திலிருந்து இறக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். 'கடவுள் சித்தம் இருந்தால்' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்!

இந்த நிலையில் தாயார்கள் கடைவீதியில் குழந்தையிடம் ஆங்கிலத்தில் பேசி, வீட்டு வாசல் தாண்டியதும் அரபிக்கு மாறுவதில் ஆச்சரியம் என்ன? அவர்களுக்குப் பாஷை மாற்றுவது நாகரிகமும் அன்று, சோம்பலும் அன்று, பாதுகாப்பு. அதே காலத்தில், அஞ்சாமல் அரபிச் சொல்லை ஆங்கிலப் பேச்சில் வேண்டுமென்றே நுழைத்து, 'நாங்கள் இன்னார்' என்று அறிவிக்கிற இளைஞர்களும் தோன்றினார்கள். ஒரே காரியத்தை ஒருவர் அச்சத்தால் தவிர்க்கிறார். இன்னொருவர் மானத்தால் செய்கிறார்.

காலமும் சிறிது மாறித்தான் வருகிறது. 2005-இல் டியர்பார்னில் அராபிய அமெரிக்கர் பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது. 2007-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜிப்ரான் பெயரால் அரபியும் ஆங்கிலமும் கற்பிக்கும் சர்க்கார் பள்ளி ஒன்று, பலத்த எதிர்ப்புக்கிடையே தொடங்கிற்று. 2022-இல் டியர்பார்ன் நகர சபை, தேர்தல் வாக்குச் சீட்டுகளை அரபியிலும் அச்சிடத் தீர்மானம் செய்தது. 1918-இல் டெலிபோனில்கூடப் பிறமொழி பேசலாகாது என்று ஒரு கவர்னர் உத்தரவிட்ட அதே தேசம் இது.

நம் வகுப்பறையில்

இவ்வளவையும் எழுதுகிற நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி வருகிறோம். தமிழ் வகுப்பில் ஆங்கிலச் சொல் கலந்து பேசிய பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி பரிகாசமும் செய்திருக்கிறோம். தாய்மொழிப் பற்றினால் செய்கிறோம் என்றே நினைத்தோம். அதன் பயன் என்ன? அந்தப் பிள்ளைகள் சுத்தத் தமிழ் பேசவில்லை. வகுப்பில் வாயையே மூடிக்கொண்டார்கள். வெளியே போய் முழு ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். குட்டு வாங்கிய பாஷையைவிடக் குட்டு வாங்காத பாஷை சௌகரியம் அல்லவா? டியர்பார்ன் குழந்தைக்கு வகுப்பில் விழுந்த குட்டும் நாம் வைத்த குட்டும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

கலப்பே பாவம் என்று சொல்ல நமக்கு வாயுமில்லை. நாம் தினந்தோறும் சொல்லும் அசல், நகல், பாக்கி, வசூல், ஆஜர், ரத்து, வக்கீல், ஜில்லா ஆகிய எல்லாம் அரபு மூலத்திலிருந்து கச்சேரி வழியாக வந்து தமிழில் குடியேறியவைதாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முஸ்லிம் சகோதரர்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்ற ஓர் இலக்கியத்தையே வளர்த்தார்கள். தமிழ் அதனால் குறைந்துவிடவில்லை. ஒரு புது வாசல் பெற்றது.

ஆனால் கலப்பைப் போற்றிவிட்டு ஓய்ந்துவிடலாம் என்றும் நாம் சொல்லவில்லை. இதில் அபாயம் இருக்கிறது. 1916 பிப்ரவரியில் காசி ஹிந்து ஸர்வகலாசாலை விழாவில், தம் சொந்த நாட்டாரிடமே அந்நிய பாஷையில் பேச நேர்ந்ததை அவமானம் என்று மகாத்மா காந்தி வெளிப்படையாகச் சொன்னார். பிற பாஷைச் சொல்லைச் சேர்த்துக்கொண்டதற்காக அவர் வெட்கப்படவில்லை. சொந்த பாஷைக்குச் சபையில் இடமில்லாமற் போனதற்காகவே வெட்கப்பட்டார். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கலாகாது. அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலும் மூன்றாம் தலைமுறையில் பழைய பாஷை மறைந்துவிடுகிறது. அது மறையும் வழி இதுதான்: முதலில் பாஷை மாற்றுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. பிறகு அரபி வாக்கியத்தில் ஆங்கிலம் வருவது நின்று, ஆங்கில வாக்கியத்தில் அரபி வருவதுமட்டும் மிஞ்சுகிறது. அப்புறம் 'யல்லா', 'ஹபீபி' என்ற நாலு சொற்கள், பாட்டி வீட்டுச் சாமான் போல, அலமாரியில் அழகுக்கு நிற்கின்றன. பேத்தி சாவி எங்கே என்று கேட்கலாம். பாட்டி தன் கிராமத்துத் தோட்டத்தைப் பற்றியும், யுத்தத்தில் இழந்த உறவினரைப் பற்றியும் பேசத் தொடங்கினால் அதைக் கேட்டு மறுவார்த்தை சொல்ல அந்த நாலு சொல் போதுமா?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'கலந்து பேசுகிறாயா?' என்பதன்று. 'கலக்காமல் பேசவும் முடிகிறதா? ஒரு கதை முழுவதையும், ஒரு துக்கம் முழுவதையும் உன் பாட்டியின் பாஷையில் கேட்டுச் சொல்ல முடிகிறதா?' என்பதுதான். முடியுமானால், சாவியை எந்தப் பாஷையில் தேடினால் என்ன? முடியாவிட்டால் குற்றம் குழந்தையுடையதன்று. அந்தப் பாஷைக்கு வீட்டில் ஒரு நேரத்தையும், பள்ளியில் ஒரு வகுப்பையும், கையில் ஒரு நல்ல புஸ்தகத்தையும் கொடுக்காத பெரியவர்களுடையது.

எழுந்து நிற்க வைக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதை கேட்டு வந்து வகுப்பில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளைகள் நடுவில் இரண்டு ஆங்கிலச் சொல் கலந்தால் நாம் கேளாதவர் போல் இருந்துவிடுகிறோம். கதை முடிவதற்குள் அச்சொற்கள் தாமாகவே குறைந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். பாட்டி சொன்ன கதையைப் பாட்டியின் வார்த்தையில்தானே சொல்ல முடியும்?